உயிரா, மயிரா?

“உயிர் முக்கியமா, மயிர் முக்கியமா?” கீமோ எடுக்கப்போகும் பெண் தலைமுடியைப் பற்றிக் கேட்டால் எதுகையோடு வந்து விழும் பதில் இது. கூடவே ஓர் ஆறுதலும் வரும்: “மறுபடி வளர்ந்துடும்மா.” டோசிடாக்சல் என்ற மருந்தின் வரலாறு, அந்த ஆறுதலை நம்பிய பெண்களின் வரலாறும்தான்.

யூ மரத்திலிருந்து வந்த மருந்துக் குடும்பம் இது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பக்ளிடாக்சல் கிடைத்தது. அது வேலைசெய்யும் விதத்தை 1979இல் விளக்கியவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. செல் பிரிவதற்காக உருவாகும் நுண்குழாய்கள் வேலை முடிந்ததும் கலைய வேண்டும். மருந்து அவற்றைக் கலையவிடாது. பிரிய முடியாமல் செல் மடியும். 1980களில் பிரான்ஸில் பியர் போத்தியேவின் குழுவினர் ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளைக் கொண்டு டோசிடாக்சலை உருவாக்கினார்கள். 1996இல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கும் இம்மருந்துக்குப் புற்று எது, மயிர்க்கால் எது என்ற பேதம் தெரியாது. வெள்ளையணுக்கள் குறையும், அப்போது காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல்கள் மரத்துப்போகும், நகம் நிறம் மாறும், உடலில் நீர் கோக்கும். நீர் கோப்பதையும் ஒவ்வாமையையும் குறைக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு தருவார்கள். மருந்துக் குறிப்பில் இவற்றுக்கெல்லாம் இடம் இருந்தது. முடி உதிர்வதற்கும் இருந்தது, பொதுவாக மறுபடி வளரும் என்று.

சிலருக்கு வளரவில்லை. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் போனபின்னும் தலையில் திட்டுத்திட்டாகப் பூனைமுடிதான். சிலருக்குப் புருவமும் இமைமயிரும்கூடத் திரும்பவில்லை. பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் தனித்தனியே கண்ணாடி முன் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். மருந்தின் வணிகப் பெயரான டாக்ஸோடீயரோடு கண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து ‘டாக்ஸோடியர்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நிரந்தர முடியிழப்பு பதிவாகியிருக்கிறது என்ற வரி அமெரிக்க மருந்துக் குறிப்பில் ஏறியது 2015 டிசம்பரில். அனுமதி கிடைத்து 19 ஆண்டுகள் கழித்து. தலையைக் குளிர்வித்து முடி உதிர்வைக் குறைக்கும் கருவி ஒன்றுக்கு அந்நாட்டில் முதல் அனுமதி கிடைத்ததும் அதே மாதத்தில்தான். பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் நடந்த முதல் விசாரணையில் நடுவர்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றார்கள்.

டோசிடாக்சல் பலரின் உயிரைக் காத்த மருந்து, இன்றும் காக்கிறது. எல்லாம் தெரிந்திருந்தாலும் அவர்களில் பலர் அதையே தேர்ந்திருக்கலாம். ஆனால், தெரிந்து தேர்வதற்கு அவர்களுக்கு வாய்ப்பு தரப்படவில்லை. ‘பக்கவிளைவு’ என்கிறோம். பக்கத்தில் கிடப்பது எது, நடுவில் இருப்பது எது என்பதை அந்த உடம்போடு வாழப்போகிறவளும் சேர்ந்தல்லவா முடிவுசெய்ய வேண்டும்?

ஆகவே, உயிரா மயிரா என்று கேட்பவர்களிடம் கூசாமல் திருப்பிக் கேட்கலாம்: “வளராமலே போன பெண்கள் உண்டா, டாக்டர்?”