நெருப்பு, காற்று, நீர், மண்: யூனானியர் கண்ட நான்கு மூலங்கள்

யூனானி மருத்துவத்தின் பெயரைக் கேளாதவர் நம் குடும்பங்களில் அரிது. அப்பெயரின் வேர் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் உள்ளது. அப்பகுதியைக் கிரேக்கர் அயோனியா என்றனர். அரபு மொழி அதனை 'யூனான்' என ஏற்று, கிரேக்கம் முழுமைக்கும் வழங்கியது.

பொருள்கள் யாவும் எதனால் ஆனவை என்னும் வினாவும் அக்கரையிலேதான் எழுந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்துத் தேலிஸ், நீரே மூலம் என்றார். அந்நகரத்து அனாக்சிமினீஸ் காற்று என்றார். எபேசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸ் நெருப்பு என்றார். அடுத்த நூற்றாண்டில் சிசிலித் தீவின் எம்பெடோக்ளிஸ், மூலம் ஒன்றன்று என்றார். நெருப்பு, காற்று, நீர், மண் ஆகிய நான்கும் கலப்பதும் பிரிவதுமே தோற்றமும் அழிவும் என்பது அவர் கொள்கை.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) இந்நான்கிற்கும் இவ்விரண்டு பண்புகளை வகுத்தார். நெருப்பு வெப்பமும் வறட்சியும் உடையது. காற்று வெப்பமும் ஈரமும் உடையது. நீர் குளிர்ச்சியும் ஈரமும் உடையது. மண் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது. நீரின் குளிர்ச்சி நீங்கி வெப்பம் சேர்ந்தால் அது காற்றாகிறது என அவர் விளக்கினார். கொதிக்கும் பானையைக் கண்டவருக்கு அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

மருத்துவர் காலன் (அரபியில் ஜாலீனூஸ்), இப்பண்புகளைக் கொண்டே இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகியவற்றை விளக்கினார். 9ஆம் நூற்றாண்டு பக்தாதில், கிறிஸ்தவ அறிஞரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கலீஃபாக்களின் ஆட்சியில் அவருடைய நூல்களை அரபியாக்கினார். அறிவு எவரிடமிருந்து வந்தது என்பது அங்கே தடையாகவில்லை.

ஆனால் ஏற்பது வேறு, அடிபணிவது வேறு. மருத்துவமனைத் தலைவராக விளங்கிய அபூபக்ர் அர்-ராஸீ, 'ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்' என்றே ஒரு நூல் எழுதினார். ஜாலீனூஸைத் தம் ஆசான் எனப் போற்றிய அவரே, தம் அனுபவத்தோடு முரண்பட்ட இடங்களைத் தயங்காது சுட்டினார்.

1780களில் லாவோசியே, நீர் இரு வாயுக்களின் சேர்மம் என நிறுவினார். நான்கு மூலங்கள் என்னும் விடை வீழ்ந்தது. தேலிஸ் எழுப்பிய வினா வீழவில்லை. முன்னோரை மதிப்பதென்பது அவர் சொன்னதையெல்லாம் சுமப்பதன்று. மரியாதை குன்றாமல் வினவும் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.