துறவிகளின் மதுவும் தொழிலாளரின் அவப்பெயரும்

மதுப் போத்தலொன்றின் சரித்திரம் ஆசிரியனொருவன் ஆராயத்தக்க பொருள்தானா என நண்பர்கள் வினவக்கூடும். போத்தலுக்கு இட்ட பெயர் அதைக் குடிப்பவனின் வர்க்கத்துக்கும் இடப்படுகிறதென்றால், அது நாம் ஆராய வேண்டிய பொருளேயாகும்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள பக்பாஸ்ற் மடத்தை 1539இல் எட்டாம் ஹென்றி கலைத்தான். 1882இல் பிரான்சிலிருந்து வந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் அதனை மீண்டும் நிறுவினர். 1890களில் அவர்கள் காய்ச்சத் தொடங்கிய ரொனிக் வைன், உடலுக்கு வலுவூட்டும் மருந்தாகவே விற்பனையாயிற்று. 1927இல் மடம் மது விற்கும் அனுமதிப்பத்திரத்தை இழந்தது. மடாதிபதி விற்பனையை வைன் வணிகரிடம் ஒப்படைத்தார். மருந்துச் சுவையும் குறைக்கப்பட்டது. மருந்து சரக்காகியது!

இதில் மதுசாரம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. பிரித்தானியாவில் விற்கும் 750 மில்லிலீற்றர் போத்தலொன்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் கஃபீனும் உண்டு. மது மயக்க, கஃபீன் விழிக்கவைக்கும். குடித்தவன் தன் வெறியின் அளவை அறியான். இக்கேட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இதன் அவப்பெயர் டெவனில் விளையவில்லை. ஸ்கொத்லாந்தின் லனார்க்ஷயரில் விளைந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இரும்புலைகளால் வானமே சிவந்த கோற்பிறிஜ் நகரும், பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் ஏழைகளும் அம்மாவட்டத்தின் வரலாறு. 1986இல் காற்கொஷ் உருக்காலையும், 1992இல் றேவன்ஸ்கிறெய்க் உருக்காலையும் மூடப்பட்டன. கோற்பிறிஜ், எயர்ட்றி, கம்பர்நோல்ட் ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்துப் பத்திரிகைகள் 'பக்பாஸ்ற் முக்கோணம்' என்றன. 'வீட்டை நொறுக்கும் சாறு' என்பது மக்கள் இட்ட கேலிப்பெயர். கேலியாகத் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் பெயர் வேறு. பிறர் இடும் பெயர் வேறு.

2006 முதல் 2009 வரையிலான மூன்றாண்டுகளில், ஸ்ற்றத்கிளைட் பொலிஸாரின் குற்ற அறிக்கைகளுள் 5,638இல் இம்மதுவின் பெயர் இருந்ததாக 2010இல் பி.பி.சி. வெளியிட்டது. 114 தடவை போத்தலே ஆயுதமாயிற்றாம். ஸ்கொத்லாந்தில் விற்பனையாகும் மதுவில் இதன் பங்கோ மிகச் சிறிது. எண்கள் பொய்யல்ல. ஆனால் போத்தல்களை இத்துணை கவனமாக எண்ணியோர், உலைகள் அணைந்தபின் வேலையிழந்த வீடுகளையும் அதே கவனத்தோடு எண்ணினார்களா?

அமைச்சர் சிலர் இம்மதுவைப் பெயர் சுட்டியே கண்டித்தனர். துறவிகள் தரப்போ, தவறு குடிப்பவனுடையது என்றது. 2018இல் ஸ்கொத்லாந்து அரசு மதுவுக்கு ஆகக்குறைந்த விலையை நிர்ணயித்தது. அக்கணக்கின்படி 2018இல் பக்பாஸ்ற் போத்தலின் ஆகக்குறைந்த விலை ஐந்தரைப் பவுணுக்குச் சற்றே மேலாக இருந்தது. கடைகளில் அது முன்னரே அதனினும் கூடிய விலைக்கு விற்றது. அச்சட்டத்தால் விலையேறியது, அதனினும் மலிவான சைடரைக் குடித்த பரம ஏழைக்குத்தான்.