வேலை தேடலில் இணையச் சமூக வலையமைப்புகள்

வேலை தேடுவோர், தமக்குத் தெரிந்தவர்களையும் அவர்கள் வழியே அறிமுகமாகக் கூடியவர்களையும் இணையச் சமூக வலையமைப்புகளில் அணுகி, வேலைவாய்ப்புப் பற்றிய தகவலையோ பரிந்துரையையோ பெற முயல்வது இணையச் சமூக வலையமைப்பு வழி வேலை தேடல் ஆகும். விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பதில் இருந்து இது வேறுபட்டது. இங்கு தகவல் ஆள்வழியே வருகின்றது. நெருங்கிய நண்பர்களை விட ஓரளவு தெரிந்தவர்களே வேலை தேடலில் கூடுதலாக உதவுகின்றனர் என்னும் சமூகவியல் கருத்து இம்முறையின் பயனை விளக்குகின்றது.

கோட்பாட்டு அடிப்படை

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், 1973 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் வலுவற்ற பிணைப்புகளின் ஆற்றல் பற்றி விளக்கினார். பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில் அண்மையில் வேலை மாறியவர்களை அவர் ஆய்ந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரில், அத்தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காட்டினர். உதவியவர் பல வேளைகளில் பழைய கல்லூரித் தோழராகவோ முன்னாள் உடன்பணியாளராகவோ இருந்தார்.

இதற்கான காரணம் எளிது. நெருங்கிய நண்பர்கள் ஒரே வட்டத்தில் பழகுவதால், ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்கும் தெரிந்திருக்கும். ஓரளவு மட்டும் தெரிந்தவரோ வேறொரு வட்டத்தைச் சேர்ந்தவர். எனவே புதிய செய்தி அவரிடமிருந்தே வருகின்றது.

வரலாறு

சிக்ஸ்டிகிரீஸ் (1997) முதலான தொடக்ககாலத் தளங்கள் பொதுவான நட்புக்கானவை. லிங்க்டின் தளத்தை ரீட் ஹாஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் 2002 இல் நிறுவினர்; 2003 மே மாதத்தில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தொழில்சார் தொடர்புகளுக்கென அமைந்த இத்தளத்தை 2016 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஜெர்மனியில் 2003 இல் தொடங்கிய க்சிங் இதே வகையைச் சேர்ந்தது.

செயற்படும் முறை

லிங்க்டினில் ஒரு பயனரோடு நேரடியாக இணைந்தவர்கள் முதற்படித் தொடர்புகள் ஆவர். அவர்களுடைய தொடர்புகள் இரண்டாம் படி. அதற்கு அடுத்தவர்கள் மூன்றாம் படி. ஒருவருடைய பக்கத்தைப் பார்க்கும்போது, அவரையும் பயனரையும் இணைக்கும் பொதுவான தொடர்புகள் காட்டப்படும். யார் வழியாக அறிமுகம் பெறலாம் என்பது இதனால் புலப்படுகின்றது.

ஆள் தேடுவோரும் திறன், ஊர், பதவி ஆகிய சொற்களைக் கொண்டு பயனர்களைத் தேடுகின்றனர். ஆகவே தன்விவரத்தில் திறன்களை, வேலை விளம்பரங்களில் வழங்கும் பெயர்களாலேயே குறிப்பிடுவது பயன் தரும்.

ஓரளவே தெரிந்தவருக்கு உதவ வேண்டிய கடப்பாடு இல்லை. தவிரவும், ஒருவரைப் பரிந்துரைப்பவர் தமது நற்பெயரையும் அதனுடன் சேர்த்தே முன்வைக்கின்றார். எனவே முதல் தொடர்பிலேயே வேலை கேட்பதை விட, பணியின் இயல்பு, தேர்வு முறை ஆகியன பற்றி வினவுவது எளிதில் மறுமொழி பெற்றுத்தரும்.

2022 ஆய்வு

கிரானோவெட்டரின் கருத்தைப் பேரளவில் சோதித்த ஆய்வொன்று 2022 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் வெளியானது. 2015 முதல் 2019 வரை, உலகெங்கும் 2 கோடிக்கும் மேற்பட்ட லிங்க்டின் பயனர்களுக்கு, "உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடியவர்கள்" எனும் பரிந்துரைகள் வெவ்வேறு வகையில் மாற்றிக் காட்டப்பட்டன. பொதுவான நண்பர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தபோது, மிக நெருங்கிய தொடர்புகளையும் மிகத் தொலைவான தொடர்புகளையும் விட, மிதமான அளவில் வலுவற்ற தொடர்புகளே வேலை மாற்றத்துக்குக் கூடுதலாக உதவின. எனினும் கணினிமயமாதல் குறைந்த துறைகளில் வலுவான பிணைப்புகளே பயன் தந்தன.

தம்மீது சோதனை நடப்பது பயனர்களுக்குத் தனியே அறிவிக்கப்படவில்லை. சிலருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு இதனால் கூடவோ குறையவோ செய்திருக்கலாம் என்பதால் இவ்வாய்வு அறநெறி நோக்கில் விமர்சிக்கப்பட்டது. பயனர் உடன்பாட்டுக்கு உட்பட்டே நடந்ததாக நிறுவனம் கூறியது.

குறைகளும் தீங்குகளும்

ஏற்றத்தாழ்வு: வலையமைப்பு ஏற்கெனவே உள்ள தொடர்புகளின் மீது வளர்வது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் ஒருவருக்கு, விரும்பும் துறையில் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லாதிருக்கலாம். கல்லூரியின் முன்னாள் மாணவர்கள், தொழிற்பயிற்சியில் உடனிருந்தோர் ஆகியோரிடமிருந்து அவர் தொடங்க வேண்டியுள்ளது.

பாகுபாடு: விண்ணப்பத்தில் இல்லாத சமயம், குடும்பநிலை போன்ற செய்திகள் சமூக வலைத்தளங்களில் வெளிப்படுகின்றன. அமெரிக்காவில் அக்விஸ்டி, ஃபாங் ஆகியோர் கற்பனையான விண்ணப்பதாரர்களுக்குப் பக்கங்களை உருவாக்கிச் சோதித்தனர். குடியரசுக் கட்சி ஆதரவு மிகுந்த பகுதிகளில், கிறித்தவ விண்ணப்பதாரரை விட முசுலிம் விண்ணப்பதாரருக்குக் குறைவான நேர்காணல் அழைப்புகளே கிடைத்தன.

தனியுரிமை: வேலை தேடுவதை அறிவிக்கும் வசதியைப் பயன்படுத்தினால், அச்செய்தி தற்போதைய முதலாளியையும் எட்டக்கூடும். அதனை ஆளெடுப்போருக்கு மட்டும் காட்டும் தெரிவு லிங்க்டினில் உண்டு; ஆனால் முழுமையான மறைவுக்கு அத்தளம் உறுதி அளிப்பதில்லை. பணியாளரின் சமூக வலைத்தளக் கடவுச்சொல்லை முதலாளிகள் கேட்பதை, அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக மேரிலாந்து 2012 இல் சட்டத்தால் தடைசெய்தது.

மோசடி: தாய்லாந்தில் நல்ல ஊதியத்தில் வேலை எனச் சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடிப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். இது குறித்து இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24 அன்று எச்சரிக்கை விடுத்தது. சிக்கியவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வெளிநாட்டு முதலாளியைப் பற்றி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் விசாரித்து அறியுமாறும், முகவரின் பின்னணியை ஆராயுமாறும் அமைச்சகம் அறிவுறுத்தியது. தெரிந்தவரின் பக்கத்தில் பகிரப்பட்ட விளம்பரத்துக்கும் இது பொருந்தும். பகிர்ந்தவர் அறிமுகமானவர் என்பதால் வேலை தருபவர் அறிமுகமானவர் ஆகிவிடுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

சமூக வலையமைப்பு
சமூக மூலதனம்
தன்விவரக் குறிப்பு