ஊரக வீடுகளில் நீர் மற்றும் கழிவுநீர் அவசர நிலைகள்

ஊரக வீடுகளில் நீர் மற்றும் கழிவுநீர் அவசர நிலைகள் என்பவை, சொந்தக் கிணற்றிலிருந்து நீர் பெற்று, அதே மனையில் அமைந்த தொட்டியிலோ குழியிலோ கழிவுநீரை விடும் வீடுகளில் திடீரென ஏற்படும் பழுதுகளையும் இடர்களையும் குறிக்கும். குழாய் உடைதல், மோட்டார் நின்றுபோதல், கழிவுநீர் எதிர்த்து வருதல், வெள்ளத்தில் கிணறு மாசடைதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. நகரங்களில் குடிநீர் வழங்கலையும் கழிவுநீர் அகற்றலையும் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகள் கவனிக்கின்றன. இவ்வகை வீடுகளிலோ நீர் ஊற்று முதல் கழிவு சேரும் குழி வரை அனைத்தும் வீட்டாரின் பொறுப்பாகும். எனவே பழுது ஏற்பட்ட முதல் சில நிமிடங்களில் வீட்டார் எடுக்கும் முடிவே இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. சில வேளைகளில் அது உயிரையும் தீர்மானிக்கிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பரவலாகக் காணப்படும் அமைப்புகளை அடிப்படையாகக் கொண்டது.

அமைப்பு

இவ்வீடுகளில் நீர் திறந்த கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ மின்மோட்டார் மூலம் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து புவியீர்ப்பால் குழாய்களுக்கு இறங்குகிறது. இந்தியாவில் 2019 இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊரக வீடுகளுக்குக் குடிநீர் இணைப்புகள் வழங்கப்பட்டு வந்தாலும், சொந்தக் கிணறுகளின் பயன்பாடு தொடர்கிறது.

கழிப்பறைக் கழிவு, செப்டிக் டேங்க் எனப் பொதுவாக வழங்கும் கழிவுநீர்த் தொட்டிக்குச் செல்கிறது. அங்கு கனமான பொருட்கள் அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய்ப் பொருட்கள் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேறி, உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்குகிறது. தொட்டியில் எப்போதும் வெளிக்குழாயின் மட்டம் வரை நீர் நிற்கும். இதைக் கண்டு தொட்டி நிரம்பிவிட்டதாகக் கருதுவது தவறு. பல ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது, அடித்தளம் பூசப்படாத ஒற்றைக் குழியாகவே இருப்பதும் உண்டு. அத்தகைய குழியிலிருந்து கழிவு நேரடியாக நிலத்தடி நீரை அடையக்கூடும்.

இவ்வாறு மண்ணில் இறங்கும் கழிவுநீரும் கிணற்றில் ஊறும் நீரும் ஒரே நிலத்தடியைச் சேர்ந்தவை. ஆகவே ஓர் அமைப்பில் ஏற்படும் பழுது மற்றதையும் பாதிக்கலாம்.

முதற்கட்ட நடவடிக்கைகள்

எவ்வகைப் பழுதாயினும் பின்வரும் ஒழுங்கு பொதுவாகப் பொருந்தும்.

1. மின்சாரத்தை நிறுத்துதல்: தரையிலோ சுவரிலோ நீர் பரவியிருந்தால், உலர்ந்த இடத்தில் நின்று முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்டியை அடைய நீரில் இறங்க வேண்டியிருந்தால் அதைத் தொடாமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
2. நீரை நிறுத்துதல்: மேல்நிலைத் தொட்டியின் வெளிக்குழாயிலுள்ள கேட் வால்வை மூட வேண்டும். மோட்டாரை மட்டும் நிறுத்துவதால் தொட்டியில் உள்ள நீர் நிற்காது.
3. பயன்பாட்டை நிறுத்துதல்: கழிவுநீர் எதிர்த்து வந்தால் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூட வேண்டும். சமையலறையில் விடும் நீரும் அதே தொட்டிக்குச் செல்லக்கூடும்.
4. குழிக்குள் இறங்காதிருத்தல்: கழிவுநீர்த் தொட்டி, உறிஞ்சுகுழி, கைவிடப்பட்ட கிணறு ஆகியவற்றுள் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது.

குழாய் உடைப்பு

வெயிலில் நெடுநாள் கிடந்த பிவிசி குழாய்கள் நொறுங்கும் தன்மை பெறுகின்றன. மொட்டை மாடியில் தொட்டியை ஒட்டிய வளைவுகளும் இணைப்புகளும் எளிதில் விரிசல் விடுவதற்கு இதுவே முக்கியக் காரணமாகும்.

வால்வை மூடி, கீழ்த்தளக் குழாய்களைத் திறந்துவிட்டால் குழாயில் எஞ்சிய நீர் வடிந்துவிடும். சிறு விரிசல்களுக்கு, குழாயை நன்கு துடைத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கமாகச் சுற்றிக் கட்டுவது ஊர்களில் வழக்கமான தற்காலிகத் தீர்வாகும். நிலையான சீரமைப்புக்கு உடைந்த பகுதியை வெட்டி நீக்கி, புதிய துண்டை இணைப்பான் கொண்டு பசையிட்டுப் பொருத்த வேண்டும். ஈரமான குழாயில் பசை சரியாகப் பிடிக்காது. பசை இறுகுவதற்கு முன் நீரைத் திறந்தால் இணைப்பு மீண்டும் கழன்றுவிடும்.

பழைய வீடுகளில் மேல்நிலைத் தொட்டிக்கு வால்வே இல்லாதிருப்பது உண்டு. அந்நிலையில் தொட்டியினுள் வெளிக்குழாயின் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து நீரை நிறுத்தலாம்.

கிணற்று மோட்டார் பழுது

மோட்டார் ஓடியும் நீர் ஏறாவிட்டால், மேலே பொருத்தப்பட்ட மோட்டார்களில் பெரும்பாலும் ஃபுட் வால்வு ஒழுகிக் குழாயில் காற்று புகுந்திருக்கும். மோட்டாரை நிறுத்தி, குழாயில் நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும். மோட்டார் உறுமல் ஒலியுடன் சுழலாமல் நின்றால், ஒருமுனை மோட்டார்களில் கண்டன்சர் பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் சுருள் கருகிவிடும். நீர்மட்டம் இறங்கிய ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை வறட்சியில் ஓடவிடுவதும் அதே விளைவைத் தரும்.

நீண்ட மின்தடையும் இவ்வீடுகளுக்கு ஓர் அவசர நிலையே. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. காவிரிப் படுகையின் பல சிற்றூர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் அத்தகைய நாட்களில் நிலத்தடியில் நீர் இருந்தும் எடுக்க வழியிராது. கப்பியும் கயிறும் வாளியும் உள்ள திறந்த கிணற்றுக்கு இக்குறை இல்லை.

மின்னாக்கியைப் பயன்படுத்துவோர் அதை வீட்டுக்கு வெளியே, சாளரங்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு வளிமம் ஆகும். இதே காரணத்தால் டீசல் எந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது மிகவும் இடர் மிக்கது. மாற்று விசை இல்லாமல் மின்னாக்கியை வீட்டு மின்கம்பியுடன் இணைத்தால், வெளியே கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் பாயும்.

கழிவுநீர் எதிர்த்து வருதல்

அடைப்பு எங்குள்ளது என்பதை அறிவதே முதல் வேலையாகும். ஒரே ஒரு கழிப்பறையில் மட்டும் நீர் தேங்கினால் அதன் கிளைக்குழாயில் அடைப்பு உள்ளது. வீட்டின் தாழ்வான எல்லா வாய்களிலும் நீர் எதிர்த்து வந்தால் அடைப்பு முதன்மைக் குழாயிலோ தொட்டியிலோ உள்ளது.

வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்கலாம். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம் உள்ளது. நிரம்பியிருந்தால் தொட்டிப் பக்கம் உள்ளது. தொட்டியின் நீர்மட்டம் வெளிக்குழாய்க்கு மேல் உயர்ந்திருந்தால் உறிஞ்சுகுழி நீரை ஏற்கவில்லை என்று பொருள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது இது பரவலாக நிகழ்கிறது. அப்போது தொட்டியை உறிஞ்சி எடுத்தாலும் சில நாட்களில் மீண்டும் நிரம்பும். மேலும், வெள்ளநீர் சூழ்ந்த நேரத்தில் தொட்டியை முழுவதும் காலிசெய்தால், எடை குறைந்த தொட்டி மிதப்பு விசையால் மேலெழும்பிக் குழாய்களை முறித்துவிடலாம். நீர் வடியும்வரை பயன்பாட்டைக் குறைப்பதே முறையாகும்.

அடைப்பு நீக்க அமிலம் ஊற்றுவது தவிர்க்கத்தக்கது. அது தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அழிக்கும். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளிமம் வெளிப்படும்.

நச்சு வளிமங்களும் உயிரிழப்புகளும்

கழிவுநீர்த் தொட்டியில் காற்றின்றிச் சிதையும் கழிவிலிருந்து ஐதரசன் சல்பைடு, மெத்தேன், கார்பன் டைஆக்சைடு ஆகிய வளிமங்கள் உருவாகின்றன. ஐதரசன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டும்போது அது முகரும் திறனை மழுங்கச் செய்கிறது. எனவே நாற்றம் மறைந்தது என்பது வளிமம் நீங்கியதற்குச் சான்றாகாது. செறிவு மேலும் கூடினால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பிவிடும். மெத்தேன் தீப்பற்றி வெடிக்கக்கூடியது.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் உயிர்வளிக் குறைவை ஓரளவு காட்டலாம். நச்சு வளிமங்களை அது காட்டாது. மெத்தேன் உள்ள தொட்டியில் அதுவே வெடிப்பை உண்டாக்கலாம்.

இத்தகைய நேர்ச்சிகளில் ஒருவர் மட்டுமன்றி இருவர் மூவர் இறப்பது அடிக்கடி நிகழ்கிறது. முதலில் மயங்கி விழுந்தவரைத் தூக்க, மகனோ அண்டை வீட்டாரோ உடன் வேலை செய்பவரோ தாமும் இறங்குவதே இதற்குக் காரணம். விழுந்தவர் நினைவோடு இருந்தால் மேலிருந்தே கயிறு வீசலாம். நினைவிழந்திருந்தால் மூடிகளைத் திறந்துவிட்டு, உடனே மீட்புப் படையை அழைக்க வேண்டும். இந்தியாவில் 112 அல்லது 101, இலங்கையில் 110 ஆகிய எண்கள் இதற்குரியவை. மூச்சுக்கருவி அணிந்த மீட்பாளரே உள்ளே இறங்கத் தக்கவர்.

இந்தியாவில் மனிதக் கழிவை மனிதரே அகற்றும் முறையை ஒழிக்க 1993 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கித் தூய்மை செய்விப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முதல் முறைக் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தடை தனியார் வீட்டுத் தொட்டிகளுக்கும் பொருந்தும். இவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் இத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆகவே அவசரம் என்ற பெயரில் கூலிக்கு ஓர் ஆளை இறக்குவது சட்டப்படியும் அறத்தின்படியும் ஏற்கத்தக்கதன்று. உறிஞ்சு எந்திரம் பொருத்திய கழிவுநீர் ஊர்தியை அழைப்பதே முறையாகும்.

வெள்ளமும் கிணற்று நீரும்

வெள்ளநீர் புகுந்த கிணறும், அருகே கழிவுநீர்த் தொட்டி வழிந்த கிணறும் மாசடைந்தவையாகவே கருதப்பட வேண்டும். நீர் தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றன்று. சீராகும்வரை நீரை நன்கு கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

கிணற்று நீரைத் தூய்மையாக்கப் பிளீச்சிங் பவுடர் பயன்படுகிறது. நீரின் அளவை அறிய, வட்டக் கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலும் நீரின் ஆழத்தாலும் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, 4 ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் மீட்டரில் இருந்தால் விடை கன மீட்டரில் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் ஆகும். எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் கொண்ட கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். வழக்கமான தூய்மையாக்கலுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தரமான பவுடர் என்ற கணக்கில், இக்கிணற்றுக்கு ஏறத்தாழ 24 கிராம் தேவை. பவுடரை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை 5 முதல் 10 நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் சேர்த்துக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்தலாம்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இவ்வளவு போதாது. சேறு கலந்த நீரை இறைத்தபின், பல மடங்கு கூடிய செறிவில் குளோரின் இட்டு, 12 முதல் 24 மணி நேரம் விட்டு, மணம் குறையும்வரை இறைத்து வெளியேற்றுவர். இதைச் சுகாதார ஆய்வாளரின் அறிவுரைப்படி செய்வது நன்று. இவ்வாறு இறைக்கும் நீரைக் கழிவுநீர்த் தொட்டியில் விடலாகாது.

கடலோரக் கிணறுகளுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. கடலோர மணற்பகுதிகளில் நன்னீர், உப்புநீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலேறும். அத்தகைய இடங்களில் சிறிதளவே இறைத்து, மழைநீர் உப்பைக் கழுவும்வரை காத்திருப்பதே பயன் தரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறப்பு நிலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மக்கள் நெடுங்காலமாகக் கிணறுகளையே நம்பி வாழ்கின்றனர். மோட்டார் வருவதற்கு முன் துலாவினால் நீர் இறைக்கப்பட்டது. இங்குள்ள நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் படிவுகளில் தேங்கியுள்ளது. இக்கல்லிலுள்ள வெடிப்புகளும் குகைகளும் நீரை வடிகட்டாமலேயே விரைவாகக் கடத்துகின்றன. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே 15 மீட்டர் இடைவெளி என்பது பரவலாகக் கூறப்படும் குறைந்த அளவாகும். மணல், களிமண் நிலங்களில் பாதுகாப்பளிக்கும் இடைவெளி, சுண்ணாம்புக்கல் நிலத்தில் போதாமல் போகலாம்.

கழிவுக்குழிகளும் வேளாண் உரங்களும் கிணற்று நீரில் நைத்திரேற்று அளவைக் கூட்டுகின்றன. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். அளவு மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைக் கடத்தும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். எனவே அத்தகைய கிணறுள்ள வீட்டில் குழந்தைக்கு வேறு நீர் தேட வேண்டும்.

முன்னேற்பாடுகள்

* முதன்மை மின்விசை, வால்வு, சேம்பர், தொட்டி மூடி ஆகியவை உள்ள இடங்களை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல்.
* கேட் வால்வை மாதம் ஒரு முறை மூடித் திறத்தல். நெடுநாள் தொடாத வால்வு தேவைப்படும் நேரத்தில் அசையாது.
* கழிவுநீர்த் தொட்டியை 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர்தி மூலம் தூர் எடுத்தல்.
* தொட்டிக்கும் கிணற்றுக்கும் உறுதியான மூடி அமைத்துக் குழந்தைகள் விழாமல் காத்தல்.
* கிணற்றின் கைப்பிடிச் சுவரை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துதல்.
* கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறையும், வெள்ளத்துக்குப் பின்னரும் ஆய்வகத்தில் சோதித்தல்.
* கயிறு, வாளி, டியூப் நாடா, இணைப்பான், பசை ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்திருத்தல்.

இவற்றையும் பார்க்க

* கிணறு
* ஆழ்துளைக் கிணறு
* நிலத்தடி நீர்
* கழிவுநீர்
* ஐதரசன் சல்பைடு