சர்க்கரை, சீனி, குலா: ஒரு சொல்வரலாற்று நோக்கு

முன்னுரை

கிள்ளான், மேரு வட்டாரத் தமிழ் இல்லங்களில் தேநீரில் கலப்பது சீனி. பொங்கலின் பெயரில் நிற்பது சர்க்கரை. கடையில் மலாய்மொழியில் கேட்டு வாங்குவது குலா. மாணவர் தம் கட்டுரையில் 'சீனி' என்றெழுதினால், அதனை அயற்சொல் எனக் கருதிச் 'சர்க்கரை' எனத் திருத்தும் ஆசிரியர் உளர். இத்திருத்தத்திற்குச் சொல்வரலாற்றில் இடமுண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சர்க்கராவின் பயணம்

வடமொழிச் 'சர்க்கரா' என்பதன் முதற்பொருள் பருக்கைக் கல், சரளை என்பதாகும். கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணிமணியாக உறையச் செய்யும் முறை இந்தியாவில் உருவானபோது, தோற்ற ஒப்புமையால் அப்பெயர் அம்மணிகளுக்கும் ஆயிற்று. கிரேக்கர் அதனைச் 'சக்கரோன்' என்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி அதனை மருந்துப் பொருளாகவே குறிப்பிட்டார். பாரசீகத்தில் 'ஷகர்' எனவும் அரபியில் 'சுக்கர்' எனவும் வழங்கிய இச்சொல், அரேபியர் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுசென்ற கரும்போடு ஐரோப்பாவிற்குள் நுழைந்தது. இத்தாலியச் 'சுக்கெரோ'வும் ஆங்கிலச் 'சுகரும்' அவ்வழி வந்தவையே.

தமிழில் அக்காரமும் சர்க்கரையும்

தமிழர் கரும்பையும் ஆலையையும் சங்க காலத்திலேயே நன்கறிவர். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் எனும் மரபைப் புறநானூற்றின் 99ஆம் பாடல் சுட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படை கரும்புச்சாறு காய்ச்சும் ஆலைகளைக் காட்டுகின்றது. பிற்கால வைணவ இலக்கியத்தில் 'அக்காரவடிசில்' இடம்பெறுகின்றது. இதிலுள்ள 'அக்காரம்' சர்க்கராவின் திரிபே. 'சபா' அவையாகவும், 'சிரமண' அமணராகவும் முதலெழுத்தை இழந்தது போன்றதே இம்மாற்றம். சகரத்தையும் 'ர்க்' எனும் மெய்மயக்கத்தையும் காத்துநிற்கும் 'சர்க்கரை', பின்னொரு காலத்தில் மீண்டும் கடன்பெற்ற வடிவமாகும். ஆகவே மூலச்சொல் ஒன்றே, அது தமிழுக்குள் இருமுறை வந்துள்ளது.

சீனியும் குலாவும்

சர்க்கரை செய்யும் முறையைக் கற்றுவரக் கி.பி. 647இல் சீனத்தின் தாங் பேரரசர் தாய்சோங் மகதத்திற்குத் தூதரை அனுப்பினார். இவ்வாறு இந்தியாவிடம் கற்ற நாட்டின் பெயரே பின்னர் இந்தியாவில் வெள்ளைச் சர்க்கரைக்குச் 'சீனி' என வழங்கலாயிற்று. இச்சொல் தென்தமிழகத்திலும் ஈழத்திலும் மலேசியாவிலும் நிலைபெற்றுள்ளது.

மலாய்க் 'குலா', வடமொழிக் 'குட' என்பதன் வழிவந்தது. தமிழிலும் 'குளம்' என்பதற்கு வெல்லம் எனும் பொருளுண்டு. மலாய்மொழியில் சர்க்கரை 'குலா பாசிர்', அதாவது மணற்சர்க்கரை. கற்கண்டு 'குலா பத்து', அதாவது கற்சர்க்கரை. இங்குள்ள 'பத்து' என்பதே பத்துமலையின் பெயரிலும் உள்ளது. சர்க்கராவைப் பெயரிட்டோர் கண்ட மணலையும் கல்லையுமே மலாய் மக்களும் கண்டுள்ளனர். கரும்பைக் குறிக்கும் 'தெபு' மட்டும் கடன்சொல் அன்று. அது தீவுதோறும் வழங்கும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தின் சொல். கரும்பின் தாயகமும் அத்தீவுலகைச் சார்ந்த நியூகினியே.

இச்சொற்கள் சந்தித்த இடங்களுள் செபராங் பிறையும் ஒன்று. 1840கள் முதல் அங்கு விரிந்த கரும்புத் தோட்டங்களில், ரப்பருக்கு முன்பே, ஒப்பந்தத் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர்.

முடிவுரை

'சீனி'யைச் 'சர்க்கரை' எனத் திருத்துவது ஒரு கடன்சொல்லை நீக்கி மற்றொன்றை வைப்பதே ஆகும். அதனால் பொருள் மாறவும் கூடும்: ஈழத்திலும் தென்தமிழகத்திலும் சீனி வெண்மையானது, சர்க்கரை பழுப்பு நிறமுடையது. மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல் பிழையன்று. அதனை நீக்குவதைவிட, அது வந்த வழியை வகுப்பில் எடுத்துரைப்பதே ஆசிரியர்க்குரிய பணியாகும்.