பூ சொன்ன சாட்சி!

பழைய ஐரோப்பியப் புத்தகங்களில் அத்தியாயம் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பூ அச்சாகியிருக்கும். 'மிச்ச இடத்தை நிரப்ப ஏதோ போட்டிருக்கிறார்கள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம், இல்லையா? கொஞ்சம் நில்லுங்கள். அதன் பெயர் 'ஃப்ளூரான்'. பழைய ஃப்ரெஞ்சில் 'ஃப்ளோர்' என்றால் பூ. அதிலிருந்து பிறந்த சொல். (ஆங்கிலத்தில் கோதுமை மாவுக்கும் இதே பூதான் மூலம். அரைத்ததில் உயர்ந்த பகுதி என்று அர்த்தமாம்!)

கட்டடக்கலையிலும் இந்தப் பெயர் உண்டு. இலை இலையாகச் செதுக்கிய கொரிந்தியத் தூணின் உச்சிப் பலகையில், நாலு பக்கமும் நடுவில் ஒரு கல் பூ இருக்கும். 'அது பலகையின் கனத்துக்கு இருக்கணும்' என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் அளவே எழுதிவைத்துவிட்டார். ரோமானியர்கள் கல்வெட்டுகளில் சொற்களுக்கு நடுவே சில சமயம் ஐவிக் கொடியின் இலையையும் செதுக்கினார்கள். 16-ம் நூற்றாண்டில் அந்த இலை வெனிஸ் அச்சகங்களுக்கு வந்து சேர்ந்தது.

நான் சொல்ல வந்தது லண்டன் கதை. 18-ம் நூற்றாண்டில் அங்கே ஏராளமான புத்தகங்கள் அச்சிட்டவர் பெயர் இல்லாமலே வெளிவந்தன. காரணம்? சில சமயம், பயம்! 1719-ல் ஜான் மாத்யூஸ் என்ற இளைஞரை, அரசருக்கு எதிரான ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டதற்காகத் தூக்கிலேயே போட்டார்கள்.

பெயரை மறைக்கலாம், பூவை? ஈயத்தில் வார்த்த பூக்கள் எல்லா அச்சகத்துக்கும் விற்பனைக்குக் கிடைத்தன. ஆனால் மரக்கட்டையில் கையால் செதுக்கிய பூ ஒவ்வொன்றும் தனி ரகம். பத்து வருஷம் அழுத்தி அழுத்தி அச்சடித்தால் கட்டையில் விரிசல் விடும், மூலை தேயும், பூச்சி அரிக்கும். அத்தனையும் தாளில் பதியும்! விரிசல் நீளமாக இருந்தால் அந்தப் புத்தகம் பிந்தியது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

'பமீலா' நாவல் எழுதிய சாமுவேல் ரிச்சர்ட்சன், தொழிலில் அச்சகக்காரர். தன் பெயர் போடாமல் அவர் அச்சிட்ட நூல்கள் பலவற்றை, அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் சேல் இந்தப் பூக்களை ஒப்பிட்டே அடையாளம் கண்டு 1950-ல் பட்டியல் போட்டார். ஒரு சிக்கல் உண்டு. அச்சகக்காரர்கள் கட்டைகளைக் கைமாற்றாகவும் கொடுப்பார்கள், ஏலத்திலும் போகும். அதனால் ஒரே ஒரு பூவை நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது. நாலைந்து பூக்கள் ஒரே புத்தகத்தில் சிக்கினால்தான் ஆள் மாட்டுவார்.

2016-ல் கேம்பிரிட்ஜில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். ஸ்கேன் செய்த 18-ம் நூற்றாண்டுப் பக்கங்களிலிருந்து லட்சக்கணக்கான பூக்களை அது பறித்துக்கொடுத்தது. அந்தத் தொகுப்புக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஃப்ளூரான்'!