சிவப்புக் கண்ணும் சின்ன விரிசலும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பாயிண்ட் பிளசன்ட்னு ஒரு சின்ன ஊர். 1966 நவம்பர் 15 ராத்திரி, பழைய வெடிமருந்து ஆலைப் பக்கம் காரில் போன இரண்டு ஜோடிகள் ஒரு உருவத்தைப் பார்த்ததா சொன்னாங்க. ஆள் மாதிரி உடம்பு, பெரிய இறக்கை, சிவப்பா மின்னுற கண். பத்திரிகைகள் அதுக்கு 'மாத்மேன்'னு பேர் வச்சுது.

சரியா பதிமூணு மாசம். 1967 டிசம்பர் 15 சாயங்காலம், ஊரின் சில்வர் பாலம் ஒஹையோ ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தாங்க. அப்புறம் கதை வளர்ந்துச்சு: அது எச்சரிக்க வந்துச்சாம், இல்ல, அதுதான் காவு வாங்குச்சாம்.

விசாரணையில் சிக்கியது வேற. பாலத்தைத் தாங்கிய ஒரு எஃகுப் பட்டையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எனக்குச் சிவப்புக் கண்ணைவிட இதுதான் பயம். நாடு முழுக்கப் பாலங்களைச் சோதிக்கும் விதிகள் அதுக்கப்புறம்தான் வந்தன.

2003-ல் ஊர்க்காரங்க மாத்மேனுக்குச் சிலையே வச்சுட்டாங்க.